குமிழில் வைத்த பொட்டு

பிள்ளைகளே, எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்க வராது. பேருந்து வரும்வரை தரிப்பிடத்தைச் சுற்றி நடப்பேன். டொக்டர் கூப்பிடும்வரை அவருடைய வாசலில் நடப்பேன். நான் சமைக்கிற கடை லா சப்பலில், மெட்ரோ பாலத்தின் மேல் ஓடுகிற தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் குசினியில் கதிரையே கிடையாது. அதனால் அந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சங்கீதமும் தெரியாது. ஆனாலும் ஒரு சங்கீதப் பெட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் இருந்த ஒரு கறுப்புக் குமிழால் என் மனைவியின் குரல் ஒரு மண்டபத்தில் காணாமல் போகப் பார்த்தது. அந்தக் குமிழைச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். என் மேல் அதைவிடக் கொஞ்சம் கூட.

நாங்கள் 2009இல் இப்போதைய வீட்டுக்குக் குடிவந்தோம். நான் சொல்லப்போவது அதற்கு ஏழெட்டு வருடம் பிந்தி நடந்தது. மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வயலின் பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய பள்ளியில் ஒரு பிள்ளை கிட்டாரோடு ஒரு பெட்டியைக் காலடியில் வைத்து வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் அது வேண்டும் என்று நின்றாள். அதற்குப் பெயர் லூப் பெடல்.

அது என்ன செய்யும் என்று சொல்கிறேன். வாசிக்கத் தொடங்கும்போது காலால் ஒரு மிதி. முடிக்கும்போது இன்னொரு மிதி. இடையில் வாசித்ததைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். போதும் என்று சொல்லும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன் மேல் நீங்கள் வேறொன்றை வாசிக்கலாம். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடலாம். பிடிக்கும்போது சிவப்பு விளக்கு எரியும், பிடித்ததைத் திருப்பி வாசிக்கும்போது பச்சை. மிதித்த காலை எடுக்காமல் அமர்த்திப் பிடித்தால், பிடித்தது அழிந்துபோகும். இந்தக் கடைசி விஷயத்தை மறக்கவேண்டாம்.

ஆர்ஜொந்தெய்யில் ஒரு பிரெஞ்சு இளைஞன் தன்னுடையதை விற்கிறான் என்று மகளே கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் ரயிலேறிப் போனோம். அவன் மாடிப்படியில் நின்றபடியே இரண்டு நிமிடம் இயக்கிக் காட்டினான். விளக்கப் புத்தகம் எங்கே என்று மகள் கேட்டாள். தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பெட்டி ஒரு சவர்க்காரப் பெட்டி அளவுதான். கீழ்ப்பக்கம் மிதிக்கிற பொத்தான். அதற்கு மேலே இரண்டு குமிழ்கள். வீட்டில் அவற்றைப் பிரெஞ்சில் பூட்டோன் என்போம். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பருமன். ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. மற்றது அறை மாற்ற. அறை என்பது நாங்கள் வைத்த பெயர். பெட்டிக்குள் பத்து இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பிடித்து நாள்கணக்கில் சேமித்து வைக்கலாம். எந்தக் குமிழ் எதற்கு, எந்த அறை எங்கே என்றெல்லாம் எழுதித்தான் இருந்தார்கள். கறுப்புப் பெட்டியில் கரும் சாம்பல் எழுத்தில். ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தால் தெரியும். குமிழ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்ட ஒரு வெள்ளைக் கோடு கிடையாது. விளிம்பில் ஒரு பயறு பதிந்தது போலச் சின்னப் பள்ளம். அதுவும் கறுப்பு.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் வைத்து இயக்கினோம். மகள் நாலு வரி வாசித்துப் பிடித்தாள். பெட்டி அதைத் திருப்பி வாசித்தது. சத்தம் காணாது என்று பட்டது. நான் ஒரு குமிழைத் திருப்பினேன். வயலின் அப்படியே நின்றுபோயிற்று.

"போச்சு," என்றாள் மனைவி. "வந்த அண்டைக்கே முடிச்சுப்போட்டியள்."

"நான் சத்தம்தானப்பா கூட்டினனான்."

"நோன், அப்பா! அது மற்றப் பூட்டோன்!"

நான் அறையை மாற்றியிருந்தேன். வயலின் பழைய அறையில் பத்திரமாக இருந்தது. மகள் திருப்பிக் கொண்டுவந்தாள். ஆனால் அந்த அரை நிமிடமும் நான் மேசையைச் சுற்றி நடந்தேன். அன்றைக்கே தொடங்கிவிட்டது இந்தத் தவிப்பு.

எங்கள் கடையின் மின்சார அடுப்பிலும் குமிழ்களில் இலக்கம் இல்லை. எண்ணெயும் கழுவுகிற மருந்தும் சேர்ந்து எப்போதோ தின்றுவிட்டன. நான் கண்ணை நம்புவதில்லை. குமிழை இடப்பக்கம் முட்டும்வரை திருப்புவேன். முட்டிய இடத்தில் அடுப்பு அணைந்திருக்கும். அங்கிருந்து ஒரு டிக், ஒன்று. இரண்டு டிக், இரண்டு. கண்ணை மூடிக்கொண்டும் பருப்பு அவிக்கலாம். இதை மகளுக்குச் சொன்னேன்.

"அப்பா, இது குழம்பு வைக்கிற அடுப்பில்லை," என்று சிரித்தாள். அவளுக்கு அவளுடைய வழி. கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பிடித்து, மணிக்கூட்டில் பத்து இருக்கிற பக்கம் திருப்பினால் மூன்றாம் அறை. அவள் பாவித்தது எப்போதும் மூன்றாம் அறைதான்.

வயலின் தந்தி வாங்கப் போன இடத்தில், குமிழில் ஏன் ஓர் அடையாளம் வைக்கமாட்டார்களாம் என்று மகளைக் கேட்கச் சொன்னேன். கடைக்காரர் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார். இப்படி இருந்தால்தான் வடிவாம். தந்தியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"அம்மாவின்ரை நகப்பூச்சாலை நான் ஒரு சிவப்புப் புள்ளி வைச்சுத் தாறன் பிள்ளை," என்றேன்.

"எப்ப?"

"நாளைக்கு."

அந்த நாளைக்கு மூன்று கிழமை ஓடியது. ஒன்றில் எனக்கு வேலை, இல்லையென்றால் பெட்டி அவள் பையில். இதையும் மறக்கவேண்டாம்.

மகள் போகிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், சரஸ்வதிக்கு எடுக்கிற வாணி விழா வந்தது. பஞ்சாங்கம் எந்தக் கிழமையைச் சொன்னாலும் இங்கே விழா ஞாயிறுதான். மகள் ஒரு சின்னக் கீர்த்தனை வாசிப்பதாகப் பெயர் கொடுத்திருந்தாள். அம்மா பக்கத்தில் இருந்து சுருதி பாடித் தாளம் போட வேண்டும் என்பது அவள் ஆசை. மனைவி பள்ளிக்கூடக் காலத்தில் பாட்டுப் பழகியவள். ஆனால் அவளுக்கு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை; ஞாயிறு காலை கட்டாயம் நிற்க வேண்டும். லீவு கேட்டாள், கிடைக்கவில்லை.

"அம்மா இல்லாட்டி நான் ஏறமாட்டன்," என்று மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு அவளே கதவைத் திறந்து வெளியே வந்தாள், பெட்டியோடு.

அம்மாவின் குரலைப் பிடித்துவைத்து மேடைக்குக் கொண்டுபோவதுதான் திட்டம். கரோக்கே மைக்கைப் பெட்டியில் செருகினோம். மனைவி வேலையால் வந்த உடுப்போடு கட்டிலில் இருந்து, ஸ, ப, மேல் ஸ என்று நீட்டிப் பாடி, கையால் ஆதிதாளம் போட்டாள். ஐந்து தரம் பிழையாகப் போயிற்று. ஒரு தரம் மேல்வீட்டுக்காரர் கதிரையை இழுத்தார். ஒரு தரம் நான் நடந்தேனாம், பலகை கிறீச்சிட்டதாம். ஆறாம் தரம் எல்லாம் அழகாக வந்தது. எட்டாவது அடி முடிந்ததும் மகளின் கால் ஒரு மயிரிழை பிந்திவிட்டது. அந்த மயிரிழைக்குள் மனைவி அவளைப் பார்த்து, "சரியே?" என்று கேட்டுவிட்டாள். பெட்டி அதையும் பிடித்துக்கொண்டது. ஸ, ப, மேல் ஸ, தாளம், சரியே? ஸ, ப, மேல் ஸ, தாளம், சரியே?

"ஐயோ, அதை அழி பிள்ளை. நாளைக்கு வடிவாப் பாடித் தாறன்."

அடுத்த நாள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. விழா வரைக்கும் திறக்கவில்லை. ஆக, எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான், மூன்றாம் அறையில். அது போனால் மகள் ஏறமாட்டாள். ஏறாவிட்டால் இவ்வளவு நாள் பழகியதும் போச்சு, அம்மா வேலையில் நின்றுகொண்டு அழுவாள். நான் பெட்டி இருந்த மேசைப் பக்கமே போகாமல் நடந்தேன்.

விழாவுக்கு முதல் நாள் வீட்டில் பூசை. உங்கள் வீடுகளிலும் செய்வீர்கள். புத்தகங்களையும் வாத்தியங்களையும் சாமிக்கு முன்னால் வைத்தால், அடுத்த நாள் எடுக்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது. வயலின் வைத்தோம். பிரெஞ்சு அகராதி, கணக்குப் பெட்டி, மகளின் தமிழ்ப் புத்தகம் எல்லாம் வைத்தோம். நான் பெடலையும் கொண்டுவந்தேன்.

"என்னப்பா இது?" மனைவியின் குரல் கரகரத்தது. "காலாலை மிதிக்கிற சாமானைச் சரஸ்வதிக்கு முன்னாலை வைக்கிறதே?"

"அதுக்குள்ளை உம்மடை குரல் எல்லே இருக்கு. அதை எப்பிடி வெளியிலை விடுறது?"

அவள் யோசித்தாள். "அப்ப ஓரமா வையுங்கோ."

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பா, இண்டைக்கு நான் ரெப்பெத்தீசியோன் செய்ய வேணும், ஒருக்கா முழுக்க வாசிச்சுப் பாக்க வேணும். கடைசி நாள்!"

"இண்டைக்குத் தொடக்கூடாது பிள்ளை. நாளைக்கு எடுத்தவுடனே நேரா மேடை. அதைவிட நல்ல தொடக்கம் உண்டே?"

நான் சந்தனம் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, மேலே குங்குமம் தொட்டேன். பெடலுக்கு வந்ததும் கை நின்றது. பெரிய இடம் அந்தப் பொத்தான்தான். மிதிக்கிற இடத்தில் பொட்டு வைக்க மனம் வரவில்லை. அதனால் வலப்பக்கக் குமிழில் வைத்தேன். அறை மாற்றுகிற குமிழ். விரலில் சந்தனம் கூடிவிட்டது. விளிம்புவரை வழிந்து, அந்தப் பயறளவுப் பள்ளத்தையும் மூடியது. பள்ளத்துக்கு எதிர்ப் பக்கத்தில் குங்குமம் அழகாகக் குந்தியிருந்தது. கறுப்பில் சிவப்பு. பார்க்க நல்லாயிருந்தது. கும்பிட்டேன்.

ஞாயிறு காலை. முதலாளி அண்ணை, "பன்னிரண்டுக்கு முதல் குசினியிலை நிக்க வேணும் தம்பி, ஞாயிறு தெரியும்தானே," என்று சொல்லித்தான் என்னை விட்டார். மகளுக்குப் பதினொரு மணி என்று சொல்லியிருந்தார்கள். மண்டபம் மெட்ரோப் பாலத்துக்குப் பக்கத்தில். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். பதினொரு மணிக்குத் தலைமையுரைதான் நடந்தது. பிறகு இன்னொருவர் பேசினார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நடந்தேன்.

"அண்ணை, கதிரை இருக்கு, இருங்கோவன்," என்றாள் பிரசாதம் கொடுக்க நின்ற ஒரு தங்கச்சி.

"பரவாயில்லை."

"உங்கடை பிள்ளையே வாசிக்குது? நீங்கள் வாசிக்கிற மாதிரி வேர்க்குது."

பதினொன்று நாற்பதுக்கு மகள் மேடைக்கு வந்தாள். பெடலுக்காக நின்றபடியே வாசிக்கப் பழகியிருந்தாள். பெட்டியைக் காலடியில் வைத்து, வயரைச் செருகிவிட்டுக் குந்தினாள். பையில் வரும்போது குமிழ் அசைந்துவிடும், அதனால் எப்போதும் சரிபார்ப்பாள். குமிழைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அந்தக் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து, ஒரு சிரிப்புச் சிரித்தாள். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. நானும் சிரித்தேன். குமிழைத் திருப்பிவிட்டு எழுந்து, வயலினைத் தோளில் வைத்து, மிதித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

பின்வரிசையில் நின்ற எனக்கே சிவப்பு விளக்கு தெரிந்தது. பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு. சிவப்பு எரிந்தால் வெறும் அறை என்று அர்த்தம். பெட்டி புதிதாகப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மண்டபத்தின் இருமலையும் கதிரைச் சத்தத்தையும் அது பிடித்துக்கொண்டிருந்தது. மகள் மிதித்து நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்தது. அவள் உதடு அசைந்ததை இவ்வளவு தூரத்தில் இருந்தும் நான் வாசித்தேன். அம்மாவின் குரல் போயிற்றா என்று கேட்டாள்.

நான் நடப்பதை நிறுத்தினேன். பெட்டி வந்த அன்றைக்கு மேசையில் நடந்தது ஞாபகம் வந்தது. அறைதான் மாறியிருக்கிறது. ஆனால் எப்படி மாறும்? அவள் பார்த்துத்தானே திருப்பினாள்? என்ன பார்த்தாள்? குந்தியிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாளே.

புள்ளி. நான் வைத்துத் தருகிறேன் என்ற சிவப்புப் புள்ளி.

குங்குமத்தை அந்தப் புள்ளி என்று நினைத்து, அதைப் பார்த்துத்தான் திருப்பியிருக்கிறாள். அதற்குள் அவள் மறுபடி குந்தி, குமிழைப் பதற்றத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். எழுந்து காலைப் பொத்தானில் வைத்தாள். புதிதாகத் தொடங்குவோம் என்று நினைத்திருக்க வேண்டும். காலை எடுக்கவில்லை. அமர்த்திப் பிடிக்கப் போகிறாள். இப்போது எந்த அறையில் நிற்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது. மூன்றாம் அறையாகவே இருந்துவிட்டால்?

"காலை எடு பிள்ளை!" என்று கத்தினேன்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் காலை எடுத்தாள்.

"புள்ளியைப் பாராதை! இடப்பக்கம் முட்டத் திருப்பு! முட்டினாப் பிறகு மூண்டு டிக்!"

அறிவிப்பாளர் மைக்கில், "அப்பா குசினியிலை நிக்கிற எண்ணத்திலை நிக்கிறார் போல," என்றார். சனம் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. திருப்பினாள். அவள் உதடு எண்ணியது. மிதித்தாள்.

மறுபடி சிவப்பு.

மேலே ஒரு ரயில் போயிற்று. கண்ணாடி நடுங்கியது. மூன்று என்றுதானே சொன்னேன்? அடுப்பில் முட்டிய இடம் அணைந்த இடம். அங்கிருந்து மூன்று டிக் என்றால் மூன்று. ஆனால் இந்தப் பெட்டியில் அணைந்த இடம் என்று ஒன்று இல்லை. முட்டிய இடமே முதலாம் அறை. நான் அவளை நாலாம் அறைக்கு அனுப்பியிருக்கிறேன்!

"ஒண்டு பின்னுக்கு!" என்றேன். "ஒண்டே ஒண்டு பின்னுக்கு, பிள்ளை!"

அவள் நாலாம் அறையை நிறுத்திவிட்டு, ஒரு டிக் பின்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள்.

பச்சை.

ஸ, ப, மேல் ஸ. ஹோட்டலில் யாரோ ஒருவருடைய கட்டில் விரிப்பை இழுத்துக்கொண்டிருந்த என் மனைவி, லா சப்பலில் ஒரு மண்டபத்தில் பாடினாள். கைத்தாளம் எட்டு அடி. பிறகு எல்லோருக்கும் கேட்க: "சரியே?"

மகள் அந்த இடத்தை வில்லை உரக்க இழுத்து மூடுவதற்குத்தான் வீட்டில் பழகியிருந்தாள். பதற்றத்தில் மறந்துவிட்டாள். இரண்டாம் சுற்றிலும் "சரியே?" கேட்டது. முன்வரிசையில் தரையில் இருந்த குட்டிப் பிள்ளைகள், தங்களிடம்தான் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்து, "சரி!" என்றார்கள். மூன்றாம் சுற்றில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மகளின் தோள் தளர்ந்தது. வில்லைத் தந்தியில் வைத்தாள். அதன் பிறகு கீர்த்தனை முடியும்வரை ஒவ்வொரு எட்டு அடிக்கும் என் மனைவி கேட்டாள், மண்டபம் சரி என்றது.

கைதட்டல் முடிய நான் நிற்கவில்லை. ஓடினேன். பன்னிரண்டு தாண்டியிருந்தது. முதலாளி அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளினார்.

மனைவி தன் இடைவேளையில் போன் எடுத்தாள். "என்ரை குரல் வந்ததே?"

"வந்தது. சனம் பதிலும் சொன்னது."

"என்ன பதில்?"

"சரி எண்டு."

"ஐயோ! அதை அழிக்கச் சொன்னனான் எல்லே!" என்று கத்தினாள், உடைந்த தொண்டையால். பிறகு, "எத்தினை தரம் சொன்னவை?" என்று கேட்டாள்.

மூன்று மணிக்கு மகள் வயலினோடு கடைக்கு வந்தாள். குசினி வாசலில் நின்று இடியப்பம் சாப்பிட்டாள். "மெர்சி அப்பா, புள்ளி வைச்சதுக்கு," என்றாள். "ஆனா பிழையான இடத்திலை வைச்சிட்டியள்."

நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சும்மா விட்டிருக்கலாம். அவளுக்கு என் மேல் நல்ல எண்ணம்தான். ஆனால் கையில் இருந்த சட்டியை எவ்வளவு நேரம்தான் கழுவுவது?

"அது நான் உனக்கு வைச்ச புள்ளி இல்லைப் பிள்ளை. பூசைக்கு வைச்ச பொட்டு."

அவள் பையைத் திறந்து பெட்டியை எடுத்தாள். நகத்தால் குமிழைச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அடியில் அந்தக் கறுப்புப் பள்ளம் தெரிந்தது. அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நான் நினைச்சன், நீங்கள் மறக்கேல்லை எண்டு," என்றாள்.

அன்று மாலை நாலரைக்கு முதலாளி அண்ணையிடம் கேட்டு, ஐந்துக்கே வீட்டுக்குப் போய்விட்டேன். மனைவி வந்ததும் முதல் வேலையாக நகப்பூச்சைக் கேட்டேன். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் குனிந்தோம். நான் குமிழை இடப்பக்கம் முட்டத் திருப்பினேன். இரண்டு டிக். மூன்றல்ல, இரண்டு. அப்படியும் நம்பாமல் கையால் பொத்தானை அழுத்தினேன். பச்சை எரிந்தது. ஸ, ப, மேல் ஸ, தாளம், சரியே?

"இனியாவது அதை அழிக்கட்டே?" என்றாள் மனைவி.

மகள் பெட்டியின் மேல் கையை வைத்து மறைத்தாள். "நோன்."

பள்ளத்துக்கு நேரே ஒரு புள்ளி வைத்தேன். பெட்டியில் மூன்றாம் அறைக்கு நேரே இன்னொன்று. இரண்டாவது புள்ளி உருண்டையாக வரவில்லை. காயும்வரை ஒருவரும் தொடவேண்டாம் என்றாள் மகள்.

நான் எழுந்து நடந்தேன்.